சலேத் கால் வைத்த ஊர்

மேற்கேயிருந்து வீசுகிற கச்சான் காற்று மணலை வாரி வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஆடி மாதத்துக் காலையில், வரக்கூடாத பருவத்தில், சலேத் மாதா தோணி சங்குமுனைக்கு வந்தது, அதுவும் பாய்மரத்தின் பாதி உயரத்தில் ஒரு வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தது, வெள்ளைச் சேலை பறந்தால் தோணியில் யாருக்கோ உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம், அதைக் கண்டதும் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த சனமெல்லாம் எழுந்து ஓடியது, தோணியை நோக்கி ஓடியிருந்தால் கதையே வேறு, ஓடியதெல்லாம் அவரவர் வீட்டுக்கு. குடத்தைக் கீழே இறக்கு, தொட்டிலை அவிழ், அடுப்பை அணை, அரிவாள்மணையை மூலையில் செருகு, கிழவனைத் தூணோடு சேர்த்துக் கட்டு என்று தெருவுக்குத் தெரு சத்தம். கோயில் மணி வேறு அடித்தது. பொம்பிளைகள் பாத்திரங்களைக் கோணியில் போட்டு முடிந்தார்கள். டீக்கடை பாக்கியநாதன் கண்ணாடி டம்ளர்களையெல்லாம் எடுத்து, மேசையில் அதற்கென்றே குடைந்து வைத்திருந்த குழிகளில் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுத் தானும் கீழே உட்கார்ந்துகொண்டான்.

தோணியின் மேல்தட்டில் மகள் சலேத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நத்தாலி, ஊரே முதுகைக் காட்டி ஓடுவதைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கரையில் குடித்தனம் இருந்திருந்தால் அவளும்தான் ஓடியிருப்பாள். மடியில் கிடந்த பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறால் மாதிரி சுருண்டு கிடந்தது, உடம்பு அனலாகக் கொதித்தது, முந்தாநாள் தொடங்கிய வலி. நத்தாலிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், இந்தப் பிள்ளையை உயிரோடு ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோக வேண்டும், அந்த ஆஸ்பத்திரி கரையில் இருந்தது, கரையில் சலேத் கால் வைத்தால் என்ன ஆகும் என்பது ஊருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

என்ன ஆகும் என்று கேட்டால் கதையைக் கொஞ்சம் பின்னால் இழுக்கத்தான் வேண்டும். நத்தாலியின் புருசன் கஸ்பார், தோணியை நடத்துகிற தண்டல். அவனும் அவன் அண்ணனும் அப்பன் வீட்டைப் பங்கு வைத்தபோது நடுவில் எழுப்புகிற சுவர் எந்தப் பக்கம் தள்ளி நிற்பது என்று மூன்று மழைக்காலம் சண்டை போட்டார்கள். கடைசியில் ஒருநாள் கஸ்பார், சுவரே இல்லாத இடத்தில் நான் இருந்துகொள்கிறேன் என்று சொல்லி, கட்டின பெண்டாட்டியையும் சட்டி பானையையும் மாதா படத்தையும் முட்டைக் கோழிகளையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய்த் தோணியில் குடியேறிவிட்டான். வெங்காயமும் கூரை ஓடும் தேங்காயும் ஏற்றி இறக்குகிற தோணிதான், ஆனாலும் வீடு என்றால் வீடு. மண் நிரப்பின பெட்டியில் அடுப்பு, பாய்க்கயிற்றில் துணி, தகர டிரம்மில் ஒரு முருங்கைக் கன்று. காற்று அடிக்கும்போது கஸ்பார் முன்னால் அணியத்தில் நின்று அலையைப் பார்ப்பான், நத்தாலி பின்னால் சுக்கானைப் பிடிப்பாள். காற்றில் வாய்ப்பேச்சு கேட்காது என்பதால் அவன் திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்குவான், இடக்கை என்றால் இப்படி, வலக்கை என்றால் அப்படி, அவள் திருப்புவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்தக் கையால்தான்.

சலேத் பிறந்தது நடுக்கடலில், புயலில். தோணி ஒரு பக்கமாகப் படுத்துப் படுத்து எழும்பிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பிரசவ வலியில் நத்தாலி ஒரு நேர்ச்சை செய்தாள். தாயே, இந்தப் பிள்ளையை உசுரோடு தா, அது வளர்ந்து முதன்முதலாக நற்கருணை எடுக்கிற, புதுநன்மை வாங்குகிற அன்றைக்குத்தான் அதன் கால் மண்ணில் படும், முதல் அடி உன் கோயிலுக்கு, அதுவரை மண்ணைத் தொடவிட மாட்டேன் என்று நேர்ந்துகொண்டாள். மாதா தன் பங்கைச் செய்தாள். நத்தாலியும் வாக்குத் தவறவில்லை. சாமியாரை வள்ளத்தில் கூட்டிவந்து தோணியிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள், தோணியின் பேரையே பிள்ளைக்கும் வைத்தார்கள். பிள்ளை தவழ்ந்ததும் நடந்ததும் ஓடினதும் அந்தப் பலகையில்தான். நிற்காமல் ஆடுகிற ஒன்றின்மேல் நடந்தே அந்தக் கால்கள் வளர்ந்தன. கடலோரத்துத் தாய் ஒருத்தி தவிர வேறு யாரும் இப்படியொரு நேர்ச்சையைச் செய்திருக்கவும் மாட்டார்கள், செய்துவிட்டு இத்தனை கறாராகக் காப்பாற்றியிருக்கவும் மாட்டார்கள்.

புதுநன்மை நாள் வந்தது. வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி. கஸ்பார் மகளை வள்ளத்திலிருந்து தூக்கி ஈர மணலில் இறக்கிவிட்டான், அவள் ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள், ஊர் ஆடியது. பூமி அதிர்ச்சி மாதிரி இல்லை. ஒரு சுவரில் கீறல் விழவில்லை, ஒரு ஓடு உடையவில்லை. நங்கூரத்தில் நிற்கிற தோணி பக்க அலையில் எப்படி மெள்ளச் சாய்ந்து மெள்ள நிமிருமோ அப்படிச் சாய்ந்து நிமிர்ந்தது சங்குமுனை, தெருவோடு, கோயிலோடு, தென்னையோடு, ஆட்டுக்குட்டியோடு. மணி தானாக அடித்தது. தின்பண்டத் தட்டுகள் மேசையை விட்டு நடந்தே போயின. பீடத்தில் சாமியார் திராட்சை ரசக் கிண்ணத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பூசையை முடித்தார். சலேத்துக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை, ஏன் எல்லாரும் இப்படித் தள்ளாடுகிறார்கள் என்று அம்மாவைக் கேட்டாள்.

எல்லாம் சிரிப்போடு போயிருக்கும், அன்றைக்குக் குழாயடியில் அது நடக்காமல் இருந்திருந்தால். ஊர்க்கமிட்டித் தலைவர் இசிதோரின் பெண்டாட்டி கிரேசி, ஏழு மாதச் சூலி, இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தவள், தரை சாய்ந்ததும் வழுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. அதற்கப்புறம் அவளுக்கு வேறு பிள்ளையும் உண்டாகவில்லை.

ஊர்க்கூட்டம் கூடியது. இசிதோர் கத்தவில்லை, சாபம் போடவில்லை, அழுத கண்ணோடு எழுந்து நின்று அந்தப் பிள்ளை கரையில் இறங்கக் கூடாது என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு தடவை, கால் பட்டால்தானே ஆடுகிறது, தூக்கிக்கொண்டு போய்ப் பார்ப்போமே என்று நாற்காலியில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள், அப்போதும் ஆடியது. அன்றைக்கு மண்ணைச் சோதிக்கிற ஆபீசர்களும் எங்கிருந்தோ கருவியோடு வந்திருந்தார்கள், கருவி ஒன்றும் காட்டவில்லை, ஆபீசர்கள் வேலியோரம் குனிந்து வாந்தியெடுத்துவிட்டு ஜீப் ஏறிப் போனார்கள். ஊர் யோசித்தது. உலகத்தில் எந்த ஊரில்தான் ஏதோ ஒன்று இல்லை, ஒரு ஊரில் யானை வருகிறது, ஒரு ஊரில் தண்ணீர் வருவதில்லை, நம்ம ஊர் ஆடுகிறது, அவ்வளவுதானே என்று வருசம் போகப் போக மனசு சமாதானப்பட்டது. கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் கிடந்த வயசாளிகள்தான் முதலில் கேட்டார்கள், அந்தப் பிள்ளை வந்த அன்றைக்குத்தான் நாங்கள் நன்றாகத் தூங்கினோம், வருசத்துக்கு ஒரு நாளாவது இறங்க விடுங்கள் என்று. அப்படித்தான் மாதா திருநாள் அன்றைக்கு, கடல் கண்ணாடி மாதிரி கிடக்கிற தை மாதத்தில், மூன்று முறை மணி அடித்து ஊரெல்லாம் கட்டிவைத்த பிற்பாடு, சலேத் இறங்கலாம் என்று ஆனது.

அதற்கப்புறம் அதுவே பழகிப்போனது. அலமாரிகளுக்கு விளிம்பில் சட்டம் அடித்தார்கள். கட்டிலைச் சுவரோடு கட்டினார்கள். கொத்தனார்கள் மூலைகளை உருட்டிக் கட்டினார்கள். திருநாளில் எலுமிச்சம்பழமும் நார்த்தங்காய் ஊறுகாயும் அமோகமாக விற்றன, ஏனென்றால் உப்பளத்துக்காரர்கள், வாத்தியார்கள், கடல்பழக்கம் இல்லாத மருமகள்கள் எல்லாம் அன்றைக்கு முழுக்கக் குமட்டிக்கொண்டே சாமி கும்பிடுவார்கள். கைப்பிள்ளைகள் தொட்டில் ஆட்டாமலே தூங்கின. தேர் மேலத்தெருப் பக்கம் திரும்பினால் கூட்டத்தின் பாரத்துக்கு ஊரே மேற்கே கொஞ்சம் சாய்வதையும், கீழத்தெருவுக்கு வந்தால் கிழக்கே சாய்வதையும் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும் கடல், நடுவில் சிறுத்து நீண்ட தரை, இந்தக் கரையில் கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும். கிரேசி மட்டும் திருநாளன்று விடிந்ததும் பஸ் ஏறித் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள், பொழுதுசாயத்தான் திரும்புவாள். அந்த பஸ் பாலத்தைத் தாண்டிப் போவதைத் தோணியிலிருந்து கண்ணால் பார்த்த பிறகுதான் சலேத் வள்ளத்தில் இறங்குவாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் இப்போது பதினாறு வயசுப் பிள்ளையாக, ஆடி மாதத்தில், கச்சான் கிளப்பின கடலில், சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். கோயில் ஆஸ்பத்திரி டாக்டர் பகவதியை வள்ளத்தில் ஏற்றி அனுப்பினார்கள். மேற்கே வறண்ட சீமையில் பிறந்து வளர்ந்த பொம்பிளை, கடலைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிறவள், கயிற்று ஏணியில் ஏறி வந்து, ஒரு ஓரமாய்ப் போய் வாந்தியெடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டதும் அவள் முகம் மாறியதை நத்தாலி பார்த்தாள். குடல்வால் வெடித்திருக்கிறது, சீழ் வயிறெல்லாம் பரவுகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இனி நேரமில்லை, இங்கே கோயில் ஆஸ்பத்திரியிலேயே உடனே அறுத்தாக வேண்டும், இல்லையென்றால் பொழுது தாங்காது என்றாள்.

“ஆடுற மேசையில நான் எப்படிங்க கத்தி வைப்பேன்?” என்று கேட்டாள்.

நத்தாலி மகளைக் கஸ்பாரிடம் விட்டுவிட்டுத் தனியாகக் கரைக்கு வந்தாள். காலடியில் மண் கல்மாதிரி கிடந்தது. கமிட்டிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் ஊர் நின்றது, ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. இசிதோர் முன்னால் வந்தார். அவர் கெட்ட மனுசர் இல்லை, அதுதான் நத்தாலிக்கு இன்னும் பயமாக இருந்தது. திருநாளில் கடல் தூங்குகிற நேரத்திலேயே ஊர் அப்படி ஆடுகிறது, இன்றைக்குக் கடல் கிடக்கிற கிடப்பைப் பாருங்கள், இதில் பிள்ளை இறங்கினால் ஊர் தலைகீழாகப் போகும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள், மூலைக்கு மூலை கர்ப்பிணிகள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னார்.

“ஒரு பிள்ளைக்காக ஊரைக் கவுத்துப் போடச் சொல்லுதியளா மயினி? எனக்கு அந்த வலி தெரியாதுன்னா சொல்லுதிய?”

நத்தாலி அவர் காலில் விழவில்லை. விழலாம் என்றுதான் வந்தாள், வந்த இடத்தில் கடலைப் பார்த்தாள், மேற்கிலிருந்து நீள நீளமாக அலை எழும்பி வருவதைப் பார்த்தாள், பார்த்ததும் அவளுக்குள் இருந்த சுக்கான்காரி விழித்துக்கொண்டாள். தோணி சாயாமல் இருக்க என்ன செய்வோம் என்று ஊரைக் கேட்டாள், மீன்பிடிக்கிற ஊர், கேட்க வேண்டிய கேள்வியா அது. எந்தப் பக்கம் தூக்குகிறதோ அந்தப் பக்கம் ஆள் ஏறி உட்கார்ந்தால் சாயாது. அலை மேற்கே தூக்கும்போது எல்லாரும் மேற்கே வாருங்கள், தாண்டிப் போகும்போது கிழக்கே போங்கள், தேர் திரும்பினாலே சாய்கிற ஊர்தானே இது, உங்கள் பாரத்துக்கு நிற்காமலா போகும். அணியத்தில், அதாவது முனையில், என் வீட்டுக்காரர் நின்று அலையைப் பார்த்துக் கை காட்டுவார், ஆஸ்பத்திரி மாடியில் நின்று நான் உங்களுக்குச் சொல்லுகிறேன், இத்தனை வருசம் நாங்கள் செய்த வேலைதான், ஊரைத் தோணியாக நினைத்துக்கொள்ளுங்கள், மகள் பிழைத்தால் இனி திருநாளுக்குக்கூட இந்தக் கரைக்கு வர மாட்டோம் என்றாள்.

இசிதோர் தரையைப் பார்த்தார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிரேசி வந்தாள், அன்றைக்கு அவளுக்கு பஸ் இல்லை, மணி அடித்த வேகத்தில் டிரைவர் பஸ்ஸைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டான். வந்தவள் நத்தாலியின் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ஆடட்டும். நான் இப்பமே தரையில உக்காந்துக்கிடுதேன். இந்தத் தடவ விழ மாட்டேன்” என்றாள்.

அதற்கு மேல் கமிட்டி என்ன பேசும். அடுப்பெல்லாம் அணைந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கோயில் முன்னால் வெட்டவெளி மணலுக்குக் கொண்டுவந்தார்கள், கர்ப்பிணிகளைப் பாய் விரித்துப் படுக்க வைத்து ஆளுக்கு இரண்டு பேர் காவல் உட்கார்ந்தார்கள். திருநாள் மைக்செட்டின் ஒயரை இழுத்து ஆஸ்பத்திரி மாடிக்குக் கொண்டுபோனார்கள். கஸ்பார் மகளை வள்ளத்தில் கிடத்திக் கரைக்குக் கொண்டுவந்தபோது, பாதி மயக்கத்தில் கிடந்த சலேத் கண்ணைத் திறந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“யம்மா, கிரேசியக்கா பஸ் ஏறிட்டாவளான்னு பாருங்க. அதுக்கப்புறம் எறங்குதேன்.”

“அவதாம்ட்டி ஒன்னைய எறங்கச் சொல்லுதா” என்றாள் நத்தாலி.

கட்டிலோடு தூக்கி மணலில் வைத்ததும் சங்குமுனை எழும்பியது. திருநாள் ஆட்டமெல்லாம் இதற்கு முன்னால் தாலாட்டு. மேற்கே தெருவெல்லாம் மேடாகி, கிழக்கே தெருவெல்லாம் பள்ளமாகி, தென்னைகள் கடலுக்குக் கும்பிடு போட்டு நிமிர்ந்தன. கட்டிவைத்திருந்த ஆடுகள் கயிறு இழுபட நின்றன. ஊர்ச்சனம் மொத்தமும் ஒருத்தர் இடுப்பை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரிக்குள் பிள்ளையைக் கொண்டுபோகிறதற்குள் தூக்கின நாலு பேரும் இரண்டு தடவை விழுந்து எழும்பினார்கள், கட்டில் மட்டும் கீழே விழாமல் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் பகவதி மேசையைத் தரையோடு கட்டச் சொன்னாள், தன்னையும் மேசையோடு கட்டச் சொன்னாள்.

நத்தாலி மாடியில் காலை அகற்றி ஊன்றி நின்றாள், கையில் மைக். தூரத்தில் முனைக்கல்லின் மேல் கஸ்பார் கடலைப் பார்த்து நின்றான், முதுகுதான் தெரிந்தது. இடக்கையைத் தூக்கினான். நத்தாலி “மேற்கே வாங்க” என்று சொன்னாள், ஊர் மேற்கே நடந்தது. வலக்கையைத் தூக்கினான். “கிழக்கே போங்க” என்றாள், ஊர் கிழக்கே நடந்தது. முதலில் தாறுமாறாகத்தான் போனார்கள், வாத்தியார் ஒருவர் எதிர்ப்பக்கம் ஓடி எல்லார் காலிலும் மிதிபட்டார், குமட்டுகிறவர்கள் குமட்டிக்கொண்டே நடந்தார்கள், பாக்கியநாதன் ஊறுகாய்ச் சாடியோடு நடந்தான். ஆனால் வலை இழுத்துப் பழகின சனம், ஒன்றாய்க் கை போடத் தெரிந்த சனம், கொஞ்ச நேரத்தில் பிடி கிடைத்துவிட்டது. மேற்கே வாங்க, கிழக்கே போங்க, மேற்கே வாங்க, கிழக்கே போங்க, அலை வந்து தூக்குகிறபோது ஊர் போய் அமுக்கியது, அலை விடுகிறபோது ஊர் விட்டுக்கொடுத்தது, ஆட்டம் குறைந்தது, இன்னும் குறைந்தது, தட்டில் வைத்த தண்ணீர் தளும்பாத அளவுக்குக் குறைந்தது. கீழே ஜன்னல் வழியாக நர்ஸ் எட்டிப் பார்த்து, அறுக்கத் தொடங்கியாச்சு என்று சொன்னாள். இசிதோர் கூட்டத்துக்கு முன்னால் நின்று கையை வீசி வீசி ஊரை நடத்திக்கொண்டிருந்தார், அவர் சட்டையெல்லாம் வேர்வை.

எவ்வளவு நேரம் நடந்தார்கள் என்று கேட்டால் ஊரில் இன்றைக்கும் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். பிள்ளைகளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது, பெரியவர்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள், தோளில் இருந்தாலும் பாரம் பாரம்தானே. கிரேசி உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்பவில்லை, கூட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவளைத் தாண்டிப் போய் வந்தது.

அப்போது ஆட்டம் நின்றது.

குறையவில்லை, நின்றது. கஸ்பார் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான், கடலில் மலைபோல அலை வந்து முனையில் அடித்து உடைந்தது, தரை அசையவில்லை. நத்தாலி மேற்கே வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள், காலுக்கடியில் கட்டடம் கட்டடமாக இருந்தது, மண் மண்ணாக இருந்தது. இத்தனை வருசமாக எந்த நிலை வேண்டும் என்று அவள் நாள் தவறாமல் செபமாலை உருட்டினாளோ அந்த நிலை வந்து நின்றது, வந்ததும் அவள் மாடி விளிம்புக்கு ஓடிக் கீழே ஜன்னலைப் பார்த்தாள். ஊருக்கும் புரிந்துவிட்டது. அந்தப் பிள்ளை உசுரோடு கரையில் இருக்கிறவரை இந்த ஊர் நின்றதே இல்லை. கீழே ஜன்னலில் நர்ஸின் தலை தெரிந்தது, நெஞ்சு நின்னு போச்சு, டாக்டரம்மா அமுக்குதாவ என்று அழுகையோடு சொன்னாள்.

நத்தாலிக்கு மாதா ஞாபகம் வரவில்லை, நேர்ச்சை ஞாபகம் வரவில்லை. பிறந்த அன்றைக்கு அழாமல் கிடந்த பிள்ளையைத் தோணி படுத்துப் படுத்து எழும்பித்தான் அழ வைத்தது, அது மட்டும் ஞாபகம் வந்தது. மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தாள்.

“ஆட்டுங்க. எம்மா எய்யா, எல்லாரும் சேந்து ஊரை ஆட்டுங்க. எம்பிள்ளைய எழுப்புங்க.”

முதலில் எழும்பி ஓடியது கிரேசிதான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேற்கே ஓடினாள், கரை விளிம்புவரை ஓடி, கையை மடக்கித் தரையில் ஓங்கி ஒரு குத்து விட்டுத் திரும்பிக் கிழக்கே ஓடினாள், அவள் பின்னால் இசிதோர் ஓடினார், இசிதோர் பின்னால் ஊர் ஓடியது. இவ்வளவு நேரம் ஆடக் கூடாது என்று நடந்த சனம் இப்போது ஆட வேண்டும் என்று ஓடியது, மேற்கே போய் மொத்தமாக விழுந்தது, கிழக்கே போய் மொத்தமாக விழுந்தது, கட்டிவைத்ததைப் பற்றிக் கவலைப்படாமல், டம்ளரைப் பற்றிக் கவலைப்படாமல், வயசாளி, வாத்தியார், சாமியார், பாக்கியநாதன், எல்லாரும். முனையிலிருந்து கஸ்பாரும் ஓடி வந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான். முதலில் கல்லை உலுக்குகிற மாதிரி இருந்தது. பிறகு எங்கோ அடியில் ஏதோ லேசாக நெகிழ்ந்தது. பிறகு மேற்கே ஒரு விரல் அளவு சாய்ந்தது, கிழக்கே ஒரு விரல் அளவு சாய்ந்தது. ஊர் அழுதுகொண்டே ஓடியது, மூச்சு வாங்க வாங்க ஓடியது, கோயில் மணியின் நாக்கு அசைந்து ஒரு பக்கத்தைத் தொட்டு ஒரு சத்தம் கேட்டது, அதைக் கேட்டதும் இன்னும் வேகமாக ஓடியது.

சாய்வு கூடிக்கொண்டே வந்தது. ஆனால் அது ஓட்டத்தால் சாய்கிறதா, தானாகச் சாய்கிறதா என்று யாருக்குத் தெரியும். நத்தாலிக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது, நிறுத்தச் சொன்னால் எல்லாம் நின்றுவிடுமோ என்று அவர்களை ஓட விட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் சனத்துக்கு இனி ஓட முடியாது என்று ஆனபோதுதான், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

“நில்லுங்க. எல்லாரும் நின்ன எடத்துல நில்லுங்க.”

ஊர் நின்றது. ஒருத்தரும் காலை அசைக்கவில்லை, பிள்ளைகள்கூட அசையவில்லை. கிரேசி நின்ற இடத்திலேயே மண்டியிட்டுக் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் மணலில் விரித்து வைத்தாள், அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அண்ணாந்து மாடியைப் பார்த்தாள், அத்தனை வருசத்துக்கப்புறம் முதல் தடவையாக நத்தாலியின் முகத்தைப் பார்த்தாள்.

“நாம ஆட்டல, மயினி” என்றாள். “அதுவா ஆடுது.”

நத்தாலி மாடித் தரையில் உட்கார்ந்துவிட்டாள், தரை அவளை மேற்கே கொண்டுபோய்க் கிழக்கே கொண்டுவந்தது. மைக்கை நிறுத்த மறந்துவிட்டதால் அவள் அழுத அழுகை ஊரெல்லாம் கேட்டது, யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை.